வேலிக்கு மேலால் எறிந்த மண்

குணலட்சுமிக்குக் கோபம் வந்தால் கோப்பாய் முழுக்கக் கேட்கும். அந்த வருடம் அவளுடைய கொடிமுந்திரிகைப் பந்தலில் இலைகள் மஞ்சளடித்து, விசிறிபோல விரிந்து கோணிக்கொண்டன. குலைகளில் பிஞ்சு உதிர்ந்தது. மிச்சம் நின்ற திராட்சைப் பழமும் மிளகளவுக்கு மேல் பெருக்கவில்லை. உரம் போட்டாள், மருந்தடித்தாள், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் குற்றவாளியைத் தானே கண்டுபிடித்தாள். பக்கத்துத் தோட்டக்காரி சிவக்கொழுந்து! அதற்கு முதல் வருடம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னக்கா, இலையைவிடக் குலையெல்லோ கூடத் தொங்குது" என்றவள் அவள்தானே. நாவூறு, வேறென்ன?

ஒரு வெள்ளிக்கிழமை, முழுகிய ஈரத் தலையோடு, ஆகக் கெட்டுப்போன கொடியின் அடியைக் கிளறி, ஆத்திரம் தீருமட்டும் மண்ணை அள்ளி அள்ளி வேலிக்கு மேலால் தூற்றினாள். "என்ரை கொடியைப் போலை உன்ரையும் நாசமாய்ப் போகட்டும்! நல்லூரான் பார்த்துக்கொண்டிருக்கிறான்!"

சிவக்கொழுந்து கையில் வாளியோடு நின்றாள். தலையில் விழுந்த மண்ணைத் தட்டினாள். ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள் அன்றோடு கதையை விட்டார்கள்.

இரண்டு வருடத்தில் சிவக்கொழுந்தின் கொடிகளும் மஞ்சளடித்தன. குணலட்சுமி பொங்கிப் படைத்து நல்லூர் முருகனுக்கு அர்ச்சனை செய்வித்தாள்.

சிவக்கொழுந்து யாரையும் திட்டவில்லை. விவசாயக் கந்தோருக்குப் போய்ச் சொன்னாள். அந்த அலுவலக உத்தியோகத்தர் சோமசேகரம் சைக்கிளில் வந்து, இரண்டு தோட்டத்திலும் மண்ணும் வேரும் எடுத்துப் போனார். யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் ஷெல்லடி ஓய்ந்திருந்த ஒரு காலையில் திரும்பி வந்தார். வேடிக்கை பார்க்க வேலியில் ஓட்டையாய் இருந்த பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிய குணலட்சுமியையும் கூப்பிட்டார்.

"உது வைரஸ் நோய், அம்மா. மண்ணுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத புழு ஒண்டிருக்கு. ஊசி மாதிரி வாய். நோய்க்கொடியின்ரை வேரை உறிஞ்சிப்போட்டு, நல்ல வேரிலை குத்தேக்கை நோயையும் இறக்கிவிடும். நீங்கள் நட்ட கண்டு எங்கை எடுத்தனீங்கள்?" என்று குணலட்சுமியைக் கேட்டார்.

"பழைய தோட்டமொண்டை அழிக்கேக்கை சும்மா தந்தவை. வேரோடை, மண்ணோடை சாக்கிலை கட்டிக் கொண்டந்தனான்." சொல்லும்போதே குணலட்சுமிக்கு விளங்கிவிட்டது. யானை தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்ட கதைதான்.

"அப்ப அதோடைதான் வந்தது." சோமசேகரம் சிவக்கொழுந்தின் பக்கம் திரும்பினார். "ஆனா இந்தப் புழு தானாய் ஊர்ந்து அவ்வளவு தூரம் போகாது. உங்கடை கொடி வேலிக்கு எட்டத்திலையெல்லோ நிக்குது. ஆரும் மண் கொண்டந்து கொட்டினவையோ?"

குணலட்சுமி இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தாள். ஊரே கேட்ட சாபம். இப்போது சிவக்கொழுந்து சொல்லத்தான் போகிறாள்.

"இல்லை ஐயா," என்றாள் சிவக்கொழுந்து. "மாரி வெள்ளம் கொண்டந்திருக்கும்."

திட்டியிருந்தால் குணலட்சுமி தாங்கியிருப்பாள். வெட்கம் காது நுனிவரை சுட்டது. "பொய், ஐயா. நான்தான் அள்ளி எறிஞ்சனான். இவள் நாசமாய்ப் போகவேணுமெண்டு எறிஞ்சனான்."

சோமசேகரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எறிஞ்ச மண் வெய்யிலிலை காய்ஞ்செல்லோ போயிருக்கும். வேரடிக்கு எப்பிடிப் போனது?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு சிவக்கொழுந்து முதன்முதலாகக் குணலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் போட்டனான், அக்கா. நீங்கள் உள்ளுக்குப் போனாப் பிறகு எல்லாத்தையும் கூட்டி அள்ளினன். உங்கடை தோட்டத்து மண் நல்லாய் எருப்போட்டு வளர்த்த மண்ணெல்லோ. ஏன் வீணாக்குவான் எண்டு கொடியடியிலை போட்டுத் தண்ணியும் விட்டன்."

குணலட்சுமிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் திரும்பிப் போகவும் கால் வரவில்லை.