பாதி மடிப்பு

நாளைக் காலை அவள் தங்கை வீட்டுக்குப் போகிறாள். இந்த முறை திரும்பி வருவதாக இல்லை. பெட்டி கட்டியாகிவிட்டது, கணவனிடமும் சொல்லியாகிவிட்டது. அவன் "ம்" என்றான். அந்த "ம்"மைக் கேட்டுத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக அந்த வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

இருந்தாலும் அவன் ஓய்வுபெறுவதால் அவனுடைய ஆய்வுக்கூடத்தைக் காலி செய்ய இன்று கூடவே வந்திருந்தாள். அவளும் ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்தவள். அங்கிருந்த இருட்டறையில்தான் இருவரும் பழகினார்கள். பழக்கம் என்ன பழக்கம், சண்டைதான். அப்போதெல்லாம் அவனுக்கு வாய் ஓயாது. புரதச் சங்கிலி எப்படித் தானாகவே மடிந்து தன் உருவத்துக்கு வருகிறது என்று ஆரம்பித்தால், கையிலிருக்கும் காபி ஆறி ஆடை கட்டிவிடும்.

குளிர்ப்பெட்டியின் அடியில் ஒரு குப்பி அகப்பட்டது. யூரியாவில் போட்டு, மடிப்பெல்லாம் அவிழ்த்து வைத்த புரதம்.

"இது இன்னும் மடியுமா?" என்றாள்.

"பார்த்துடலாம்."

அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் போட்டான். யூரியா நீர்த்துப் புரதம் மறுபடி மடியட்டும் என்று, சோதனைக் குழாயில் சாயம் கலந்த கரைசலில் ஒரு சொட்டு விட்டான். குழாய் நீலப்பச்சையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது.

முதன்முதலில் இதைப் பார்த்த அன்று அவள் துள்ளிக் குதித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒளி மங்கவும், "போச்சு, கெட்டுப்போச்சு" என்று குழாயைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். சங்கிலி பாதி மடிந்து நிற்கும்போது, தண்ணீருக்கு ஒவ்வாத பாகங்கள் வெளியே தெரியும். சாயம் அங்கே ஒட்டிக்கொண்டு மின்னும். முழுக்க மடிந்ததும் அவை உள்ளே ஒடுங்கிவிடும், சாயத்துக்கு இடம் இருக்காது. மங்கினால் உருவம் கூடிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அவன் அவளுக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை.

இப்போதும் ஒளி மெல்ல மங்கியது. இந்த முறை அவள் குழாயைக் கவிழ்க்கப் போகவில்லை.

"அவசரக்குடுக்கை," என்றான் அவன் இருட்டில். "நீ மாறவே இல்ல. மங்கிடுச்சு, கெட்டுப்போச்சுன்னு பெட்டியைக் கட்டிட்ட."

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை காலம்! கண் கலங்கியது. கோபமும் கூடவே வந்தது.

"நல்லா இருக்குடா உன் நியாயம்! அது புரதம், உள்ளே அடங்கிட்டா அதுக்குப் போதும். நான் மனுஷி. எனக்கு நாலு வார்த்தை வேணும்."

அவன் குழாயைத் தாங்கியில் வைத்தான்.

"எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

"அரைகுறையா வந்தாலும் பரவாயில்ல, சொல்லு."

"காலையில நீ பேப்பரைச் சத்தமாப் படிப்பியே... நான் கேக்காத மாதிரி... ஆனா நீ நிறுத்தினா எனக்கு..."

அங்கேயே நின்றுவிட்டது. மிச்சம் என்னவென்று அவளுக்குத் தெரியும். முடித்துக் கொடுக்க நாக்கு துறுதுறுத்தது.

உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவன் முடிக்கட்டும் என்று உட்கார்ந்தாள்.