எட்டுப் பேருக்கும் 120/80

ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொண்ட அன்று எங்களுக்குக் கை நீட்டியவர் எங்கள் மருத்துவக் கல்லூரியின் லிஃப்ட்காரர். முதலாண்டு மாணவர்கள் எட்டுப் பேர். பேராசிரியர் செய்து காட்டிவிட்டு ஃபோனோடு வராந்தாவுக்குப் போய்விட்டார். என் முறை வந்தது. பட்டையைக் கட்டி, காற்றடித்து, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காற்றை இறக்கினேன். ஒரு துடிப்பும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பதிவேட்டில் எனக்கு மேலே இருவர் எழுதியிருந்ததையே எழுதினேன்: 120/80.

"நல்லா இருக்கா டாக்டரம்மா?"

"நல்லா இருக்குண்ணே."

"அப்ப அந்த பிரஷர் மாத்திரைக்கு ஒரு கும்பிடு போட்டுடலாம்."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூன்றே வாரம். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது.

வார்டுக்குப் போனேன். அவர் மனைவி அவருடைய கடைவாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எட்டு டாக்டருங்க பாத்து நல்லா இருக்குன்னாங்களாம். அதான் மாத்திரையை விட்டுட்டாரு."

"எனக்குச் சத்தமே கேக்கலக்கா. சும்மா எழுதிட்டேன்."

துடைத்த கை நின்றது. "இங்க வந்து அழாத. எழுதின இடத்துல போய்ச் சொல்லு."

மறுநாள் பேராசிரியர் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு கடிதம்: அன்று கருவி பழுதாக இருந்தது. கீழே ஏழு கையெழுத்து. நோயாளியிடம் உண்மை பேசுவது எப்படி என்று போன வாரம் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தவர் இவர்தான்.

"போடும்மா. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம்."

"கருவி நல்லாத்தான் இருந்துச்சு சார்."

"போடலேன்னா உனக்கு ஒரு வருஷம் போயிடும். உங்க வீட்டுல தாங்குவாங்களா?"

தாங்க மாட்டார்கள். அது தெரிந்துதான் கேட்கிறார். கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்: 'எனக்குக் கேட்கவில்லை. கேட்டதாக எழுதினேன். அதை நம்பி அவர் மாத்திரையை நிறுத்தினார்.' கையெழுத்தும் போட்டேன்.

வெளியே ஏழு பேரும் நின்றிருந்தார்கள். "பெரிய இவ," என்றாள் என் அறைத்தோழி. "எங்களையும் சேத்து இழுத்துவிட்டுட்டா."

"மூணாவது மாடி, ஜன்னலோரக் கட்டில்," என்றேன். "போய்ப் பாருங்க."

யாரும் நகரவில்லை.