சிரட்டைச் சத்தம்

ஒரு நாளைக்காவது யாரும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருக்கக்கூடாதா?

குணேஸ்வரி இதை ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெல்மதுளைக்கு மேலே இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் அவளுடைய கணவர் விசுவலிங்கம் மருந்து கொடுப்பவர். தோட்டத்து ஆட்கள் அவரை டாக்டரய்யா என்று அழைத்ததால் அவள் டாக்டரம்மா ஆனாள். அந்தப் பெயர் வந்த நாளிலிருந்து குசினிக் கதவடியில் யாராவது நின்றுகொண்டே இருந்தார்கள். காய்ச்சலுக்கு, கடுதாசி வாசிக்க, பேறுகாலத்துக்குப் பழஞ்சீலை கேட்க. கொடுக்க மனமில்லாமல் இல்லை. கொடுத்து முடிந்த பிறகு தனக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கத்தான் பயமாயிருந்தது.

நாய்கள் ஒன்றும் கேட்பதில்லை. அதனாலேயே அவற்றுக்குச் சோறு வைக்கத் தொடங்கினாள் போலும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும், ரப்பர்ப் பால் பிடிக்கும் சிரட்டை ஒன்றை எடுத்துப் படிக்கல்லில் மூன்று தரம் தட்டினாள். மரங்களுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. முன்னால் செவலை. மழைக்காலத்தில் ஸ்டோரடித் தண்ணீர்க் கானுக்குள், முதுகுப் புண்ணில் புழு நெளியக் கிடந்ததை அவள்தான் சாக்கில் போட்டுத் தூக்கிவந்தாள். தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்து ஊற்றி இருபது நாள் புழு எடுத்தாள். இப்போது அந்த இடத்தில் மயிர் முளைக்காத ஒரு தழும்பு மட்டும்.

இன்றைக்கு அவள் தழும்பைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள். பிறகு அடுத்ததின் கழுத்தை. பன்னிரண்டு கழுத்தும் வெறுமையாக இருந்தன. செவலையின் கழுத்து ஏன் வெறுமை என்பது அவளுக்குத் தெரியும். குவாட்டர்சில் நாய் வேண்டாம் என்று விசுவலிங்கம் சொல்லியிருந்தார். ஆனால் மற்றப் பதினொன்றுக்கும் போன ஞாயிறு கழுத்தில் கட்டச் சொல்லி அவளே இலக்கமிட்ட பித்தளை வில்லை கொடுத்திருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் நாலாம் நம்பர் லயத்து இருளாயியின் மகள் இலட்சுமியை ஒரு கறுப்பு நாய் கடித்தது. யாருடைய நாய் என்று பிறகு கேட்டபோது லயத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் மறைக்கவில்லை. எல்லோரும் சோறு போட்ட நாய் அது, ஒருவருடையதும் அல்ல. யாராவது கட்டிவைத்துப் பத்து நாள் பார்த்திருந்தால் விசர் பிடித்த வெறிநாயா இல்லையா என்று தெரிந்திருக்கும். சிறு கீறல்தானே என்று இருளாயி சுண்ணாம்பு தடவினாள். ஐந்தாம் வாரம் பிள்ளை தண்ணீரைக் கண்டு கத்தத் தொடங்கியபோது கொழும்புக்குப் போய்ப் போடும் ஊசிக்குக் காலம் கடந்துவிட்டது.

அந்தக் கறுப்பு நாயும் சிரட்டைச் சத்தத்துக்கு வருவதுதான். பிள்ளையைக் கடித்த வாரம் முழுக்க அது வரவில்லை. வராததைக் குணேஸ்வரி கவனித்தாள், ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்று தொடங்கும் நினைப்பை அவள் முடியவிடுவதில்லை.

பிள்ளை செத்த பிறகு தோட்டத்தை நடத்தும் பெரியதுரை கட்டளை போட்டார். ஒவ்வொரு நாய்க்கும் ஒருவர் பெயர் கொடுக்கவேண்டும். அதன் கழுத்தில் வில்லை கிடக்கவேண்டும். வில்லை இல்லாத நாயைச் சனிக்கிழமை துவக்கால் சுடுவார். ஆம்பிளை சொன்னால் லயத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, அதை எடுத்துச் சொல்லும் வேலையும் குணேஸ்வரியிடம் வந்தது. ஐந்து லயம். நாயைக் கட்டுங்கோ, குட்டிகளைக் கானில் எறியாதேங்கோ, கடித்தால் அன்றைக்கே வாருங்கோ. முதல் லயத்தில் அரை மணி நேரம் பேசினாள். நாலாம் நம்பருக்கு வந்தபோது தொண்டை கட்டிவிட்டது. "இது கழுத்தில கிடந்தால் ஒண்டும் வராது. துவக்கும் வராது, விசரும் வராது" என்று சுருக்கிச் சொல்லி வில்லைகளைக் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

ரப்பர்ப் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு ஆட்கள் திரும்பும் நேரம் பார்த்து அவள் நாலாம் நம்பர் லயத்துக்குப் போனாள். வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் கறுப்புக் கயிறு. கயிற்றில் மஞ்சள் பூசிய பித்தளை வில்லை.

"என்ன தங்கம்மா இது?"

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தங்கம்மா நிமிர்ந்து சிரித்தாள். "பூசாரிகிட்ட குடுத்து மந்திரிச்சு வாங்குனோம் டாக்டரம்மா. மொதல்ல இருளாயி கட்டினா. அப்புறம் நாங்க மட்டும் சும்மா இருப்போமா? மேல் லயத்துக்காரவுகளும் கட்டிட்டாக. கீழ சிங்களப் புள்ளைக இதப் பாத்துட்டு ‘பல்லா, பல்லா’ன்னு நாய்ப் பேரு சொல்லிக் கத்துதுக. கத்தட்டும். உசிரு இருந்தாத்தானே கிண்டலு."

"இது நாய்க்கெல்லோ தந்தது."

"நாய்க்கா? அப்ப ஒரு அட்டியலும் சேத்துச் செஞ்சு குடுங்க, மாட்டிவுடுறோம்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். இருளாயி சிரிக்கவில்லை. அவள் இடுப்பில் கடைசிப் பிள்ளை, ஒன்றரை வயதிருக்கும். ஏழாம் இலக்க வில்லையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது.

"நீங்கதானே சொன்னீங்க டாக்டரம்மா, இது கழுத்துல கெடந்தா வெறி வராதுன்னு? நாய்க்கு வராதது எம் புள்ளைக்கு மட்டும் வந்துருமா?"

"நாளைக்கு இது இல்லாத நாயெல்லாம் துரை சுடப்போறார், இருளாயி."

"சுடட்டுமுங்க." இருளாயி பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "அன்னைக்கே ஒண்ணைச் சுட்டிருந்தா எம் பொண்ணு இருந்திருப்பா."

அதற்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. கட்டுங்கோ, கடித்தால் அன்றைக்கே வாருங்கோ என்று ஞாயிறு முழுக்கச் சொன்ன பதில்தான். அதைவிட இலேசான வழியும் இருந்தது. துரை கோபிப்பார், கழற்று என்று ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு இந்த வாசலிலும் மேல் லயத்திலும் ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். பதினொரு வில்லையும் மடியில் விழும். பதினொரு நாயும் பிழைக்கும். குணேஸ்வரி கையை நீட்டினாள். பிள்ளை அவளைப் பார்த்துப் பல்லில்லாத இடமெல்லாம் தெரியச் சிரித்தது.

அவள் வில்லையை அதன் வாயிலிருந்து எடுத்து, முந்தானையில் எச்சிலைத் துடைத்து, நெஞ்சிலேயே விட்டாள். கயிறு இறுக்கமாயிருந்தது. முடிச்சை ஒரு விரலளவு தளர்த்தினாள்.

"நாய் கடிச்சால் அண்டைக்கே கொண்டு வா. இது கிடந்தாலும் கொண்டு வா. சுண்ணாம்பு பூசிப்போட்டு இருக்காதை. கேட்டுதோ?"

"சரிங்க."

கேட்டதா என்று தெரியவில்லை. மேட்டில் ஏறினாள். நாய்க்குச் சோறு போட்டுவிட்டு என்னுடையதில்லை என்று இருப்பது நாலாம் நம்பர் லயத்துப் பழக்கம் மட்டும்தானா? அந்தக் கேள்வி வீட்டுப் படிவரை கூடவே வந்தது.

வீட்டுக்குள் போனதும் விசுவலிங்கத்தின் மேசை இலாச்சியைத் திறந்து, துரை தந்ததில் மிஞ்சிக் கிடந்த பன்னிரண்டாவது வில்லையை எடுத்தாள். பழஞ்சீலைக் கரையைக் கிழித்து அதில் கோத்து, படியடியில் கிடந்த செவலையின் கழுத்தில் கட்டினாள். செவலை ஒருதரம் தலையை உதறிவிட்டுப் பேசாமல் படுத்தது.

அவள் எழும்பும்போது விசுவலிங்கம் வந்துகொண்டிருந்தார். பின்னால் கன்னையா கங்காணி, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு.

"குவாட்டர்சுக்குள்ள நாய் வேண்டாமெண்டு சொன்னனான் எல்லே?"

"என்ர பெயரில பதியுங்கோ."

அவர் செவலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேறொன்றைச் சொல்ல வந்தவர் என்பது முகத்தில் தெரிந்தது. "மற்றதுகளுக்கு இன்னும் ஒரு கிழமை தவணை தரச்சொல்லித் துரையிட்டைக் கேட்டுப் பாத்தனான். பன்னிரண்டு வில்லை தந்தது, பன்னிரண்டு நாயைக் காட்டு எண்டுறார். பிள்ளையளின்ர கழுத்தில கிடக்கெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"அப்ப என்ன செய்யப்போறார்?"

விசுவலிங்கம் கங்காணியைப் பார்த்தார். கன்னையா நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"காலையில பெரட்டுக் களத்துல தொர துப்பாக்கியோட நிப்பாருங்க. டாக்டரம்மா வந்து சிரட்டையத் தட்டுனாப் போதும்னாரு. எல்லாம் ஒரே எடத்துல வந்து நிக்குமாம். நல்லதுக்குத்தாம்மா. மலையில ஓட ஓட சுட்டா பாதி உசிரோட ரெண்டு நாள் கெடக்கும். போன வருசம் பாத்தோம்ல."

"துரை சொல்லுறதிலயும் நியாயம் இருக்கப்பா" என்றார் விசுவலிங்கம், மெதுவாக. "ஒரு நிமிஷ வேலை. நீர் வராட்டில் என்னட்டைத்தான் கேப்பார்."

ரப்பர் விலை விழுந்திருந்த அந்த வருஷம் இரண்டு கிளாக்கர்மாரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அதை அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதையும் அவள்தான் சுமக்கவேண்டியிருந்தது.

நியாயம் இருந்தது. குணேஸ்வரி மறுக்கவில்லை. நாளைக்குக் காயம்பட்ட நாய்களைக் கான் கானாகத் தேடித் திரியப்போகிறவள் தான்தான் என்பதும், கற்பூரம் கரைத்த எண்ணெயால் ஆகாத காயங்கள் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் அந்தக் களத்தில் நின்று தட்டுவதை நினைத்தபோது கை எழவில்லை. லயத்தில் சுருக்கிச் சொன்னது பொய்யாகிப்போனது. இத்தனை வருஷத்தில் சுருக்கினாலும் அர்த்தம் குறையாமல் அவள் சொன்னது இந்த மூன்று தட்டு ஒன்றுதான். சோறு இருக்கிறது, வாருங்கள். அது இதுவரை பொய்த்ததில்லை.

படிக்கல்லின்மேல் சிரட்டை கிடந்தது. அவள் அதை எடுத்து, காலையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டினாள்.

"கங்காணி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"இருக்கட்டுமுங்க. தொரைக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"நான் தட்டமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

சிரட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு, தண்ணீர் கொதிக்கவைக்க அவள் உள்ளே போனாள்.