பந்தியில் சொல்லாத சொல்

எருமப்பட்டிக்குக் கிழக்கே நிலபுலத்தோடு வாழ்ந்த அர்த்தநாரிக் கவுண்டருக்கு நீரிழிவு என்று கண்டு சொன்னவர், நாமக்கல்லில் வைத்தியசாலை நடத்திய டாக்டர் சூசைமாணிக்கம். அது முப்பத்தெட்டாம் வருஷம். அரிசிச் சோற்றையும் வெல்லத்தையும் அறவே விடவேண்டும் என்றார். மனைவி சௌந்திரம் சொல்லியிருந்தால் கவுண்டர் சிரித்திருப்பார். டாக்டர் சொன்னதால் விட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க வேண்டாங்கறதத் தொடமாட்டேன், அவ்வளவுதானுங்க."

சொன்னபடியே இருந்தார். உடம்பும் தேறியது.

மறுவருஷம் தை மாதம் ஒரே மகள் வள்ளியாத்தாளுக்குக் கல்யாணம் நடந்தது. மறுவிருந்துக்கு டாக்டரையும் அழைத்துத் தன் பக்கத்து இலையில் உட்காரவைத்துக்கொண்டார். எதிர்வரிசை முழுக்கச் சம்பந்தி வீட்டார். வள்ளியாத்தாளே பரிமாறிக்கொண்டு வந்தாள். வெல்லப் பூரணம் வைத்து அவள் கையாலேயே தட்டிச் சுட்ட ஒப்புட்டு.

"ஒண்ணே ஒண்ணு தின்னுங்கய்யா. நானே சுட்டது."

கவுண்டர் இலையைப் பார்க்கவில்லை. திரும்பி டாக்டரின் முகத்தைப் பார்த்தார். இத்தனை பேர் நடுவில் இந்தப் பெண்ணின் கையைத் தடுப்பதா என்று டாக்டருக்குத் தயக்கம். ஒருநாள்தானே என்றும் நினைத்தார். சிரித்தபடி தன் இலைப்பக்கம் குனிந்துகொண்டார்.

கவுண்டர் தின்றார். மகள் இன்னொன்று வைத்தாள். அதையும் தின்றார்.

அதற்குப் பிறகு சௌந்திரம் எதைத் தடுத்தாலும் அவருக்கு ஒரே பதில்தான். "டாக்டரு பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லலியே. நோவு போயிருச்சுன்னுதான அர்த்தம்?" அவளும் அதை நம்பினாள். வைத்தியசாலைக்குப் போவதும் நின்றது. ஆள் வராததைக் கண்ட டாக்டர், சுகமாக இருக்கிறார் போலிருக்கிறது என்று இருந்துவிட்டார்.

வைகாசியில் காட்டில் கவுண்டர் காலில் ஒரு வேலமுள் குத்தியது. பாதம் கறுத்த பிறகே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பார்த்தவுடன் டாக்டர் கவுண்டரை மறுபடி வண்டியில் ஏற்றச் சொன்னார். கூடவே சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போனார். காலை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. சௌந்திரத்தின் கையைப் பிடித்தபடியே கவுண்டர் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து டாக்டர் துக்கம் கேட்கப் போனார். வாசலில் வள்ளியாத்தாள் நின்றிருந்தாள். கண் வறண்டு கிடந்தது. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"டாக்டருங்க, அன்னைக்கு நான் வெச்ச ஒப்புட்டுதானுங்களா?"

விதி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல அம்மிணி. உனக்குத் தெரியாது, வெச்சே. எனக்குத் தெரியும். அவர் என்னைத்தான் கேட்டார், வாயைத் திறந்து கேக்கல, அவ்வளவுதான். நான் பேசாம இருந்துட்டேன். அப்புறமும் ஒருதரம் வந்து பாக்கல."

"ஏனுங்க சொல்லல?"

"சம்பந்திங்க இருந்தாங்க. சங்கடமா இருந்துச்சு."

"சங்கடமா," என்றாள் அவள், மெதுவாக. "சங்கடமா இருந்துச்சுங்களா."

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழத் தொடங்கினாள். உள்ளிருந்து சௌந்திரம் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். அப்பன் செத்ததிலிருந்து இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அழுகைக்கிடையே சொன்னாள்.

டாக்டர் நின்றுகொண்டே இருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.