கைக்காசா என்று கேட்கும் முன்

தேயிலைக் கொழுந்து நிறுக்கக் கம்சலா கொண்டுவந்த கையடக்க இயந்திரத்துக்கு அவளே எழுதிய நிரல் ஆமையாய் ஊர்ந்தது. பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பகல் நிறுவை முடிவதற்குள், பெண்களின் சாப்பாட்டு நேரம் கரைந்துபோனது. அந்த வரிசையில் அவள் அம்மா வடிவம்மாவும் நின்றாள்.

"நாளைக்கும் இப்படி இழுத்துச்சுன்னா பழைய தராசுதான் தங்கச்சி," என்றுவிட்டார் கணக்கப்பிள்ளை தயாபரன்.

கம்சலாவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான். கொழுந்து ஈரமா, சாக்கு எடை கழித்தாயிற்றா என்று கேள்விமேல் கேள்வி கேட்பதால்தான் மந்தமோ? நிபந்தனைகளில் பாதியை நீக்கிப் பார்த்தாள். ஊஹூம். அட, எந்தக் கள்ளன்தான் நேரத்தைத் தின்கிறான்? ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் போகிறதென்று தனித்தனியாக அளந்தாள். எல்லாம் கண்ணிமைக்குமுன் முடிந்தன. ஒன்று மட்டும் சண்டி மாடாய்ப் படுத்துக்கொண்டது.

'இவர் கைக்காசா? அதோடு, இன்று ஞாயிறா?'

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறித்து, அன்றே கூலி வாங்கிப் போவதுதான் கைக்காசு. அந்த ஆட்களின் பெயர்கள் பதுளை நகரத்துக் கணினி ஒன்றில் கிடந்தன. மலைச்சரிவில் சிக்னலோ வரும், போகும். அன்றோ செவ்வாய்க்கிழமை, கைக்காசு ஏது? ஆனாலும் அந்த மக்கு இயந்திரம் ஆளுக்கு ஆள் பதுளையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இயந்திரத்தை என்ன சொல்ல? தோட்ட லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் அல்லவா எழுதியது! தராசடியில் யாரைக் கண்டாலும் "பேரா, கைக்காசா?" அதாவது பதிவேட்டில் பேர் விழும் ஆளா, அன்றே கூலி வாங்கும் ஆளா என்பதுதான் முதல் கேள்வி. காதில் விழுந்து வளர்ந்த வரிசையிலேயே எழுதித் தொலைத்திருந்தாள்.

'இன்று ஞாயிறா?' என்பதை முன்னால் வைத்தாள். இல்லையென்றால் இயந்திரம் மற்றதைக் கேட்கவே போகாது. நீக்கிய நிபந்தனைகளையும் திரும்பச் சேர்த்தாள். அவ்வளவுதான் வேலை.

மறுநாள் வரிசை மளமளவென்று நகர்ந்தது. வடிவம்மா நேரத்தோடு சோற்றுப் பார்சலை அவிழ்த்தாள். கம்சலாவுக்கு மனசு குளிர்ந்துபோனது.

தயாபரன் கடிகாரத்தைப் பார்த்தார். "கெட்டிக்காரிதான். அப்ப இனிமே அரை மணி நேரம் பிந்தியே நிறுவைக்குக் கூப்பிடலாம். அதுவரைக்கும் பறிக்கட்டும்."

வடிவம்மாவின் கை சோற்றிலேயே நின்றது.

கம்சலா இயந்திரத்தை எடுத்துப் பையில் போட்டாள். "அப்படின்னா பழைய தராசையே கொண்டாங்க ஐயா. இது அவங்க சாப்பிடுற நேரம். அதுக்காகத்தான் சரி பண்ணினேன்."

அவர் பதிலுக்குக் காத்திராமல் அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ சாப்பிடும்மா," என்றாள்.