கையா, வண்டியா

மேலூரைத் தாண்டி நான்குவழிச் சாலையில் காய்கறி மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தபோது அது நடந்தது. ஒட்டுப்போட்ட ஓர் இடத்தில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் லாரி இடப்பக்கமாக நழுவியது. ஓரத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டு ஒரு பெண் தன் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுருளி ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். வண்டி உடனே கேட்கவில்லை. கேட்டபோது தேவைக்கு மேலேயே திரும்பியது. பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. அந்தப் பெண் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்வது கண்ணாடியில் தெரிந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பரவை மார்க்கெட்டில் மூட்டைகளை இறக்கி முடிக்கும்வரை அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அந்த நடுக்கம்தான் அவருக்குப் பயம். அவருடைய அப்பாவுக்கு ஐம்பதை நெருங்கும்போது கை நடுங்க ஆரம்பித்தது. கடைசிக் காலத்தில் சோற்றை ஊட்டிவிட வேண்டியிருந்தது. சுருளி இப்போது அந்த வயதில் இருந்தார்.

வண்டி சாலைக் கோட்டுக்குள் நிற்க மறுப்பது சில வாரங்களாகவே நடந்துகொண்டிருந்தது. டயர்தான் காரணம் என்று நினைத்து முன் டயர்களை மாற்றினார். அலைன்மென்ட் பார்த்தார். ஒன்றும் சரியாகவில்லை. மனைவியின் தம்பி அழகுபாண்டியும் டிரைவர்தான். அவனிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அவன் காலி வண்டியைக் கொட்டாம்பட்டி கடைவீதி வரை மெதுவாக ஓட்டிப்போய்த் திரும்பி வந்தான்.

"வண்டி நல்லாத்தான மச்சான் இருக்கு. பழைய வண்டின்னா ஸ்டியரிங்ல கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். நீங்கதான் அலுத்துப்போய் ஓட்டுறீகளோ என்னமோ. கொஞ்ச நாள் வீட்டுல இருங்க, நான் ஓட்டுறேன்."

அன்பாகத்தான் சொன்னான். சுருளிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மொபெட் பெண்மேல் மோதப் பார்த்த அன்று சாயங்காலம், ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த மனைவி கனகாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"வண்டிய வித்துரலாம்னு பாக்குறேன்."

"எதுக்கு?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னார். அப்பாவின் கையைப் பற்றியும் சொன்னார். கனகா மிச்சத் தழையையும் கட்டி முடித்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நானும் வாரேன்."

"நீ வந்து என்ன பண்ணப்போற?"

"உக்காந்து பாக்குறேன். பாதி லோடு மட்டும் ஏத்துங்க. மெதுவாப் போவோம். அதுக்கப்பறம் விக்கிறதப் பத்திப் பேசலாம்."

மறுநாள் காலை அவள் கேபினில் ஏறி அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். வழியில் சாலையை அவள் பார்க்கவே இல்லை. அவர் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. மேலூர் தாண்டிப் பாலத்தின் இணைப்பில் சக்கரம் தட்டியது. வண்டி மறுபடியும் இடப்பக்கம் நழுவியது. பக்கத்தில் வாகனம் எதுவும் இல்லை. சுருளி சமாளித்து நேராக்கினார்.

"ஓரங்கட்டுங்க," என்றாள் கனகா.

வண்டியை நிறுத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது. "பாத்தியா?"

"பாத்தேன். ஒங்க கை அசையவே இல்ல. புடிச்சது புடிச்சபடி இருந்துச்சு. வண்டிதான் தானாப் போச்சு."

"சும்மா எனக்காகச் சொல்லாத."

"ஒங்களுக்காக எதுக்குங்க பொய் சொல்லப்போறேன்? நானும் பிள்ளைகளும் இதுலதான வாரோம் போறோம்? எறங்கி அந்தச் சக்கரத்தப் பாருங்க."

அவர் இறங்கி முன்சக்கரத்தின் அருகில் நின்றார். கனகா உள்ளேயிருந்து எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். அது ஒரு சாண் அளவு சுற்றிய பிறகும் சக்கரம் அசையவில்லை. மறுபக்கம் திருப்பினாள். அப்போதும் அப்படியே.

சுருளி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தளர்வு கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்க வேண்டும். அது கூடக் கூட அவர் கையும் அதற்குத் தக்கபடி பழகிக்கொண்டே போயிருந்தது. அதனால்தான் அவருக்குத் தெரியவில்லை.

மூட்டைகளை ஒரு குட்டியானை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒத்தக்கடையில் இருக்கும் நல்லகாமனின் பட்டறைக்கு வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே போனார்கள். நல்லகாமன் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்புத் தாங்கல் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். டொக், டொக் என்று சத்தம் வந்தது.

"கிங்பின் போச்சு மாப்ள. சக்கரம் திரும்புறதே இந்தப் பின்னச் சுத்தித்தான். உள்ள இருக்க புஷ்ஷு வளையம் தேஞ்சு, சக்கரம் அது இஷ்டத்துக்குச் சாயுது. இது மட்டும்னா ஒரு சாண் ஆட்டம் வராது. இன்னும் எங்கயோ இருக்கு."

வண்டியை மறுபடியும் தரையில் இறக்கினார். "தங்கச்சி, நீ மேல ஏறி ஸ்டியரிங்க அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டு. மாப்ள, நீ என்கூடக் கீழ வா."

சுருளி சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தார். நல்லகாமன் டார்ச்சை அடித்துக் காட்டினார். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் நீளக் கம்பியின் முனையில் ஓர் உருண்டை மூட்டு இருந்தது. மேலே கனகா ஸ்டியரிங்கை ஆட்டும்போதெல்லாம் கம்பி நகர்ந்தது. மூட்டு தன் குழிக்குள்ளேயே குதித்தது. சக்கரம் நின்ற இடத்தில் நின்றது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பியின் முனையிலும் அதே கதை.

"இத வச்சுக்கிட்டு லோடோட ஓட்டி, இதுவரைக்கும் யாரு மேலயும் இடிக்காம வந்திருக்க பாரு," என்றார் நல்லகாமன். "காலியா, மெதுவாப் போனா தெரியாது. லோடு ஏறி, வேகத்துல ஒரு பள்ளத்துல விழுந்தா இழுத்துட்டுப் போயிரும்."

சுருளி தலையைத் திருப்பிக்கொண்டார். முகத்தில் உதிர்ந்த மண்ணைத் துடைப்பதுபோலக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"போதுமா? எம்புட்டு நேரம் ஆட்டணும்?" என்று மேலேயிருந்து கனகா கேட்டாள்.

போதும்தான். நல்லகாமன்கூட வெளியே நகர்ந்துவிட்டார். ஆனாலும் சுருளி, "இன்னும் கொஞ்சம் ஆட்டு," என்றார். அந்த மூட்டு குதிப்பதைப் பார்க்கப் பார்க்க, நெஞ்சுக்குள் எதுவோ லேசாகிக்கொண்டே வந்தது.

வேலை சுலபமாக இல்லை. பழைய பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. சூடுகாட்டிப் பெரிய சுத்தியலால் அடித்தும் மறுநாள்தான் கழன்று வந்தது. பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில், நகம் மாட்டும் அளவுக்குத் தேய்ந்து படி விழுந்திருந்தது. கிரீஸ் போகும் துளையில் பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து கல்லாக அடைத்திருந்தது.

"நான் மாசாமாசம் கிரீஸ் அடிச்சனேண்ணே."

"அடிச்சிருப்ப. அம்புட்டும் வெளிய வழிஞ்சிருக்கும். உள்ள ஒரு சொட்டு எறங்கல."

இரண்டு பக்கமும் புதுப் பின்னும் புஷ்ஷும் போட்டார்கள். கம்பிகளின் முனைகளை மாற்றி, நட்டு கழலாமல் பூட்டுக்கம்பி குத்தினார்கள். கடைசியில் நல்லகாமன் முன்சக்கரங்களுக்கு நடுவே முன்னாலும் பின்னாலும் அளந்து, கம்பியைக் கொஞ்சம் முறுக்கிச் சரிசெய்தார்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கனகா சுருளியை மேலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். "வண்டியப் பாத்தாச்சு, கையையும் ஒருக்காப் பாத்துருவோம்," என்று சொல்லிவிட்டாள். டாக்டர் கைகளை நீட்டச் சொன்னார், சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். பயந்தால் யாருக்கும் கை நடுங்கும், இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்ததும் கனகா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தானும் பயந்திருந்ததை அவள் அதுவரை காட்டிக்கொள்ளவில்லை.

வண்டி தயாரானதும் முழு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஸ்டியரிங் முன்பைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. விரல் அசைத்தால் வண்டி அசைந்தது. பள்ளம் வந்தது, சக்கரம் விழுந்து எழுந்தது, வண்டி நேராகவே போனது. சுருளி பழக்கதோஷத்தில் தேவையில்லாமல் ஒடித்து, இரண்டொரு முறை கோட்டைத் தாண்டினார். பிறகு கை புது அளவைக் கற்றுக்கொண்டது.

"இனிமே நீ என்னயப் பாத்துக்கிட்டே வர வேண்டாம்," என்றார்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். கனகா கதவில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பரவை வந்து சேரும்வரை அவர் அவளை எழுப்பவில்லை.