வானத்துப் பக்கமா, வீட்டுப் பக்கமா?

தெருவில் அவருக்கு முக்காட்டுக்காரர் என்றே பெயர். பெரிய மரப்பெட்டி கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நிற்பவரை வேறு எப்படி அழைப்பது? துணிக்கு ஓரம் அடித்துக் கொடுத்தவள் அவர் மனைவி, தையற்காரி. ஆனால் கல்யாணமான நாள்முதல் அதற்குள் எட்டிப் பார்க்க அவளுக்கு அனுமதி கிடைத்ததில்லை. "உனக்குப் புரியாது" என்பார். தெருவுக்கே அளவெடுப்பவளுக்கு வீட்டில் இவ்வளவுதான் மரியாதை.

வம்பு பல் டாக்டரால் வந்தது. நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு இந்தத் தெருவையே பெரிய படமாகக் கேட்டிருந்தார். எடுத்த படத்தில் ஜன்னல் கம்பிகூடத் துல்லியம். வானம் மட்டும் துவைத்துப் போட்ட வெள்ளைப் போர்வை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"மேகமே காணோமே சார்! ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற குடுங்க. இல்லேன்னா பல் விளக்குற குழந்தை காலண்டர் ஒண்ணு கிடக்கு, அதை மாட்டிடறேன்."

காலண்டர் குழந்தையிடம் தோற்பதா? முக்காட்டுக்காரருக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. லென்ஸ் முன்னால் மாட்டுகிற சட்டமும், அதில் செருகச் சதுரக் கண்ணாடி ஃபில்டரும் வாங்கி வந்தார். ஃபில்டரில் மேல்பாதி கூலிங்கிளாஸ் மாதிரி கறுப்பு, கீழ்ப்பாதி வெறும் கண்ணாடி. அந்தக் கறுப்புப் பாதி வானத்தை மட்டும் மூடினால் வெளிச்சம் அடங்கிப் படத்தில் மேகம் விழும்.

சனிக்கிழமை மாலை, மொட்டைமாடி. மேகங்கள் அலங்காரமாக வந்து நின்றன. கையிலோ ஒரே ஒரு ஃபிலிம். துணிக்குள்ளிருந்து லென்ஸுக்குக் கை எட்டாது. அதனால் ஃபில்டரை நகர்த்தும் உத்தியோகம் மனைவிக்கு. பக்கத்து மாடியில் காய்ந்த துணிகளை மூன்றாம் முறையாக மடித்துக்கொண்டிருந்தார்கள், வேடிக்கை பார்க்க வேண்டுமே!

"மேல தூக்கு" என்றது துணி.

தூக்கினாள்.

"அய்யோ, கீழ போகுது! மேலன்னா மேல!"

"மேலதாங்க தூக்குறேன்."

"இன்னும் மேல!"

ஃபில்டர் சட்டத்தைவிட்டே வெளியே வந்து அவள் முந்தானையில் விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை.

"ஒரு கண்ணாடியை ஒழுங்கா நகர்த்தத் தெரியலையே!"

அவ்வளவுதான். அவள் விறுவிறுவென்று வந்து அவரைத் தோளால் தள்ளிவிட்டுத் துணிக்குள் தலையை நுழைத்தாள்.

"அடக் கடவுளே! தெருவே தலைகீழாத் தொங்குது!"

"கேமராக் கண்ணாடில அப்படித்தான் விழும். எனக்குப் பழகிடுச்சு, நேராத்தான் தெரியுது" என்று முனகினார் அவர்.

"உங்களுக்குப் பழகிடுச்சு, ஃபில்டருக்குப் பழகலையே! உங்க மேல எனக்குக் கீழ. இனிமே மேல கீழன்னு வாயைத் திறந்தீங்க, நான் இறங்கிப் போயிடுவேன். வானத்துப் பக்கமா, வீட்டுப் பக்கமா, அதை மட்டும் சொல்லுங்க."

வெயில் சரிந்துகொண்டிருந்தது. அவருக்கும் வேறு வழியில்லை.

"வீட்டுப் பக்கம்... இன்னும் துளி... போதும், வானத்துப் பக்கம் ஒரு நூல்... அசையாதே!"

ஒரு நூல் என்றால் தையற்காரிக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? க்ளிக்.

படத்தில் மேகங்கள் பஞ்சு பஞ்சாக விழுந்தன. காலண்டர் குழந்தை அலமாரிக்கே திரும்பிப் போனது. டாக்டரின் காத்திருக்கும் அறையில் படத்தை மாட்டிய அன்று, நாற்காலியில் ஏறிச் சட்டத்தைப் பிடித்திருந்த மனைவியைப் பார்த்து முக்காட்டுக்காரர் எட்ட நின்று கண்ணைச் சுருக்கினார்.

"கொஞ்சம் மேல..."

அவள் திரும்பிப் பார்த்தாள். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த நோயாளிகூட நிமிர்ந்தார்.

"வானத்துப் பக்கம்மா" என்றார் அவசரமாக.